கேட்குது, ஆனா புரியல: பென்ஷன் ஆர்டரில் ஏறாத காயங்கள்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கும் வீட்டில் தினமும் நடக்கும் சண்டை இது. "நீ பேசுறது கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பார் அவர். "டிவில நியூஸ் மட்டும் நல்லா புரியுதாக்கும்" என்பார் வீட்டம்மா. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு ஆடியோகிராம் எடுத்தால் காரணம் தாளிலேயே தெரிந்துவிடும்.

அந்தத் தாளில் இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒலியின் அதிர்வெண் இருக்கும். மேலிருந்து கீழே டெசிபல்; கோடு கீழே இறங்க இறங்கக் காது மந்தம். நல்ல காதுள்ளவருக்குக் கோடு தாளில் 25 டெசிபல் இருக்கும் இடத்துக்கு மேலேயே ஓடி முடிந்துவிடும். பீரங்கிப் பக்கத்திலோ துப்பாக்கிச் சுடுதளத்திலோ வருடக்கணக்கில் நின்றவருக்கு 2000 வரை கோடு ஒழுங்காக வரும். 4000-க்கு வந்ததும் கிணற்றில் விழுந்ததுபோல இறங்கி, 8000-இல் கொஞ்சம் மேலேறும். வயதினால் வரும் காது மந்தத்தில் இந்த ஏற்றம் இருக்காது. கோடு சரிந்துகொண்டே போகும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் வெடிச் சத்தம் தோண்டியது. ஆனால் எழுபது வயதில் போய் எடுத்தால் முதுமை அந்தப் பள்ளத்தை மூடிவிட்டிருக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. எடுப்பதானால் சீக்கிரம் எடுக்க வேண்டும்.

எட்டு மணி நேரம் தொடர்ந்து கேட்டால் காது தாங்கும் அளவு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். ரைஃபிள் சுடும்போது சுடுபவர் காதருகே உச்ச ஒலி 150 டெசிபலைத் தாண்டும், பெரிய பீரங்கி அதையும் தாண்டும். அந்த அளவில் நேரக் கணக்கே கிடையாது, ஒரு வெடி போதும். உட்காதின் நத்தைச் சுருளுக்குள் உள்ள மயிர்ச் செல்களில் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருப்பவை முதலில் சாகின்றன. செத்தவை முளைப்பதில்லை. சத்தம் நின்றபின் காதுக்குள் ஓயாமல் கேட்கும் "ஙொய்" இரைச்சலும் இதன் கூடவே வருவதுதான்.

உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. க, ச, ட, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஓசை உயர்ந்த அதிர்வெண்ணில். அது போய்விட்டால் கட்டி, கத்தி, பத்தி மூன்றும் ஒன்றுதான். ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் புரிவது கஷ்டம். மிக்ஸி ஓடும்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் ஒன்றுமே பிடிபடாது. கத்திப் பேசுவதாலும் பயனில்லை. கத்தும்போது நீள்வது "ஆ"வும் "ஓ"வும்தான், தொலைந்த மெய்யெழுத்து திரும்பி வராது. மிக்ஸியை நிறுத்திவிட்டு, எதிரே வந்து, முகம் தெரியும்படி, சற்று நிதானமாகப் பேசினால் காது மெஷின் இல்லாமலே பாதிச் சண்டை தீரும். பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கூப்பிட மட்டும் வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

இனி காசு விஷயம், அதாவது ஊன ஓய்வூதியம். ராணுவத்தில் காதைச் சோதிக்கும் பழைய முறை, ஆளைத் திருப்பி நிறுத்தி ஆறு மீட்டர் தள்ளி நின்று பேசியும் கிசுகிசுத்தும் பார்ப்பது. அமைதியான அறையில், ஓர் ஆண் டாக்டரின் குரலை, 4000-இல் பள்ளம் விழுந்தவரும் கேட்டுவிடுவார். ஆடியோகிராம் எடுத்தாலும் 500, 1000, 2000 ஆகிய மூன்றின் சராசரியை மட்டும் எழுதினால் கதை அதுதான். 20, 20, 25 என்று வந்தால் சராசரி 22, நார்மல். 4000-இல் 65 இருப்பது கணக்கிலேயே சேராது. ஆகவே ஓய்வு பெறும்போது உடலைச் சோதித்துப் பதியும் ரிலீஸ் மெடிக்கல் போர்டுக்கு முன் 3000, 4000, 6000 அளவுகளையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இரைச்சல் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்க வேண்டும். மிஷின் காட்டாத ஒன்றை நோயாளி சொன்னால்தான் டாக்டர் எழுத முடியும்.

சொல்லமாட்டார்கள். அங்கேதான் எல்லாமே சிக்குகிறது.

படையில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளில் போடுவார்கள். முதல் எழுத்து மனநிலை, இரண்டாவது காது, பிறகு கைகால், உடல் பொதுநிலை, கண். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் 'ஷேப் ஒன்'. ஏதாவது ஒன்றில் இறங்கினால் லோ மெடிக்கல் கேட்டகரி. பிரமோஷன், சர்வீஸ் நீட்டிப்பு, ஓய்வுக்குப் பின் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸில் மறுவேலை எல்லாவற்றிலும் அது இடிக்கும். முப்பத்தெட்டு நாற்பது வயதில், பிள்ளை பத்தாவது படிக்கும்போது, வீட்டுக்கு அனுப்பப்படும் சிப்பாயோ ஹவில்தாரோ "தூக்கம் வரலை, கெட்ட கனவா வருது" என்று வாய் திறப்பாரா? "நோ கம்ப்ளெயின்ட்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறுவார். பத்து வருடம் கழித்து மனைவி அலைந்து திரிந்து மனு போட்டால், உங்கள் கணவர் ஓய்வு பெறும்போது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பதில் வரும். சொன்னால் தண்டனை, சொல்லாவிட்டால் ஆதாரமில்லை. தனிப்பட்ட எந்த அதிகாரியின் கெட்ட எண்ணமும் இதற்குத் தேவையில்லை, அமைப்பே அப்படித்தான்.

அந்தத் தூக்கத்துக்கு வருவோம். முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்றார்கள். குண்டு அதிர்ச்சியில் மூளை குலுங்கிவிட்டது என்று நினைத்தார்கள். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அது வந்ததால் குழம்பினார்கள். வியட்நாம் போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்ற பெயர் ஏறியது. நம் வீடுகளில் இதற்கு இன்னும் "மிலிட்டரி கோபம்" என்றுதான் பெயர். ஹோட்டலில் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார், ராத்திரி மூன்று முறை தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார், கல்யாண மண்டபத்தில் பந்தி ஆரம்பிக்கும் முன் கிளம்பச் சொல்வார், சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தள்ளுவார். "ஆர்மிக்காரர்னா அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டிவிடுகிறார்கள். நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மனம் மரத்து யாரோடும் ஒட்டாமல் போவது, உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருப்பது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாடத்தைக் கெடுத்தால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

எழுப்புவது எப்படி என்று முதலில் வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும். கெட்ட கனவில் இருப்பவரைத் தொட்டு உலுக்கினால், எதிரே யார் என்று அறிவதற்குள் அவர் கை வீசியிருக்கும். அடிபட்டவர் மனைவியாக இருப்பார், காலையில் குற்றவுணர்ச்சியில் சாப்பிடாமல் இருப்பவர் அவராக இருப்பார். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லி, "நீங்க வீட்ல இருக்கீங்க, தாம்பரத்துல இருக்கீங்க" என்று இடத்தையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள் என்றதும் இதனால்தான். காதும் கேட்காது, உடம்பும் உஷார் என்றால் அந்தத் தட்டு எதிரியின் கைதான்.

ரம் பற்றிச் சொல்லாமல் முடியாது. கேன்டீன் கோட்டாவில் மலிவாகக் கிடைப்பதை "தூக்கத்துக்கு" என்று எடுப்பவர்கள் ஏராளம். முதல் மூன்று மணி நேரம் அடித்துப் போட்ட தூக்கம் வரும். அதன்பின் உடம்பில் சாராயத்தின் அளவு குறையும்போது தூக்கம் உடைந்து, கனவு வரும் கட்டம் கூடுதல் வேகத்தில் வந்து சேரும். ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து எழுவது பெரும்பாலும் இப்படித்தான். மறுநாள் அளவைக் கூட்டுவார். மருந்துக் கடையில் வாங்கிய அல்பிரசோலம் போன்ற மாத்திரையையும் கூடப் போட்டால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து. இந்த வகை மாத்திரைகள் பிடிஎஸ்டிக்குப் பலன் தருவதுமில்லை, பழக்கமாகிவிடும். பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. நடந்ததைப் பயிற்சி பெற்றவர் முன்னிலையில் கட்டுப்பாடாகத் திரும்பச் சொல்லிப் பழகும் முறையில் வாரம் ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம், 8 முதல் 15 தடவை. மருந்தென்றால் செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் வகை; முழுப் பலன் தெரியக் குறைந்தது நாலைந்து வாரம். இரண்டிலும் தவறு நடப்பது ஒரே இடத்தில்தான். பேச்சு சிகிச்சையில் இரண்டாம் மூன்றாம் வாரம் கனவு கூடும், மருந்தில் முதல் வாரம் வயிறு கலங்கும். "இதுக்கு முன்னாடியே நல்லா இருந்தேன்" என்று நிறுத்திவிடுவார்கள். இப்படி ஆகும் என்று முதல் நாளே சொல்லி வைத்தால் பலர் தாக்குப்பிடிப்பார்கள். அழைத்துப் போவதிலும் ஒரு சூட்சுமம்: "மனசுக்கு டாக்டர்" என்றால் வரமாட்டார், "தூக்கத்துக்கு டாக்டர்" என்றால் வருவார். அது பொய்யும் அல்ல.

எங்கே போவது? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கலாம். அட்டை இல்லையென்றாலும் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. உள்ளே போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இருபத்துநாலு மணி நேரமும், தமிழில். படையினருக்கும் குடும்பத்தாருக்கும் இதே டெலிமானஸின் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரிலிருந்து புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இயங்குகிறது.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொண்டு ஏடிஎம் பண வண்டியில் கன்மேன் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆள் பேசாமல் ஒடுங்கிப்போகிறார், கணக்கு வழக்கையெல்லாம் திடீரென்று ஒழுங்கு செய்கிறார் என்றால் அது தற்கொலை எண்ணமாக இருக்கலாம், துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பதுபோல காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ரசீது வாங்கி வைத்துவிடலாம், பிறகு திரும்ப எடுக்கலாம். வேலை போகுமே என்ற பயம் நியாயம்தான். ஆனாலும் வைத்துவிடுங்கள்.

தீபாவளி. 2018-இலிருந்து தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். யார் மதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். வெடியின் சத்தத்தைவிட அது எப்போது வரும் என்று தெரியாததுதான் இவர்களை ஆட்டும். மேல்வீட்டுப் பையன் வெடிக்கும் ஆயிரம் வாலாவை "இப்ப வைக்கிறேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, ஃபோம் காதடைப்பானைச் சரியாகச் சுருட்டிக் காதில் செருகினால் நன்றாகவே அடங்கும். நாள் முழுக்கச் செருகிவைத்தால் உள்ளிரைச்சல் பெரிதாகக் கேட்டு எரிச்சல் கூடும்; அந்த இரண்டு மணி நேரம் போதும்.

சென்னையில் இந்தக் காயத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தையொட்டி இலங்கை போன இந்திய அமைதி காக்கும் படை 1990 மார்ச்சில் முழுதாகத் திரும்பியது. சுமார் 1,200 பேர் உயிரோடு வரவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அன்றைய முதல்வர் கருணாநிதி மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகவில்லை. அந்த அரசியலில் யார் சரி என்பது வேறு பேச்சு. இங்கே கவனிக்க வேண்டியது அதன்பின் வந்த மௌனம். கார்கிலில் இருந்தவரைப் பள்ளிக்கூடம் ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்றக் கூப்பிடுகிறது. யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடி மிதித்தவர் டீக்கடையில் அதைச் சொன்னால் பேச்சு எங்கே திரும்பும் என்று அவருக்கே தெரியாது. எதிரே வந்தவன் தமிழிலேயே திட்டினான் என்பதை யாரிடம் சொல்வது? அந்தப் போரில் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இந்த ஊர்ப் பயிற்சி அகாதெமியில் தேறியவர். 1987 நவம்பர் 25-இல் இறந்தார். அவர் பெயர் சாலிகிராமத்தில் ஒரு படைவீரர் குடியிருப்புக்கு இருக்கிறது. திரும்பி வந்தவர்களைப் பற்றி அந்தளவு பேச்சுகூட இல்லை. தவிர்ப்பது நோயின் ஓர் அறிகுறி என்றால், சுற்றியுள்ள சமூகமும் சேர்ந்து தவிர்க்கும்போது அது ஆறவே வழியில்லை.

அதே போரின் மறுபக்கம் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறது. ஷெல் விழுந்த இரவுகளைத் தாண்டி வந்த அம்மாக்களுக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு அதே வேர்வை, தீபாவளியன்று அதே மூடிய ஜன்னல். அவர்களுக்கு மெடிக்கல் போர்டும் கிடையாது, பென்ஷன் ஆர்டரும் கிடையாது.

காலை இழந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. காரணம், கால் போனது கண்ணுக்குத் தெரியும், ஃபைலில் ஏறிவிடும். ஏறாதது மற்ற முழங்காலின் தேய்மானமும் இடுப்பு வலியும். சென்னை வெக்கையில் செயற்கைக் காலின் சாக்கெட்டுக்குள் வேர்த்து வழுக்குவதால் ஆள் நல்ல காலிலேயே பாரம் போட்டு நடப்பார், பதினைந்து வருடத்தில் அந்த மூட்டு கிழண்டுவிடும். மத்தியானம் ஒரு தடவை கழற்றித் துடைத்து மிச்சமுள்ள காலுக்கு உலர்ந்த ஸ்டம்ப் உறை மாற்றுவது சின்ன வேலை, அந்த மூட்டைப் பல வருடம் காப்பாற்றும்.

சரி, ஃபைல். 2023 செப்டம்பர் 21-இலிருந்து விதிகள் மாறிவிட்டன. கீழே வரும் கணக்கு அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு. ஊன ஓய்வூதியம் கிடைக்க, பாதிப்பு ராணுவப் பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று போர்டு ஏற்க வேண்டும், அளவு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. கடைசிச் சம்பளம் 40,000, பாதிப்பு 20 சதவீதம் என்றால் மாதம் 2,400. ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் விதி இருக்கிறது. சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது 6,000. அதே காயம் போர்க் காயம் என்று பதிவாகியிருந்தால் 30-க்குப் பதில் 60 சதவீதம், அதாவது 12,000. இதற்கு மேல் அகவிலை நிவாரணம். 19-க்கும் 20-க்கும் நடுவே ஒரு சதவீதம்தான், மாதம் ஆறாயிரம் ரூபாய் போகிறது.

மறுத்துக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. படையில் சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மனுவில் இதை எழுதாமல் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் நான்கு பக்கம் எழுதுபவர்கள்தான் அதிகம். தாமதமாகப் போனாலும் கதவு சாத்திவிடாது. ஆனால் பல வழக்குகளில் நிலுவைத்தொகையை மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் போர்டு நகல் கையில் இல்லையென்றால் பத்து ரூபாய் தபால் ஆர்டரோடு ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். சர்வீஸ் நம்பர் இல்லாத கடிதம் எங்கேயும் நகராது.

இவ்வளவும் சரியாக இருந்து, பெயரில் மாட்டுவது தமிழர்களுக்கே உரிய தலையெழுத்து. நமக்கு இனிஷியல், ராணுவத்துக்கு முழுப்பெயர். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி 'வள்ளி', ஆதாரில் 'வள்ளியம்மாள் எம்', வங்கியில் 'எம் வள்ளியம்மை'. பிறந்த தேதி ஒன்றில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, இன்னொன்றில் குத்துமதிப்பு. கணவர் இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் போனபின் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பின் இறந்தால் முதல் ஏழு வருடம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள்வரை, எது முன்னதோ அதுவரை 50. பணியால் வந்ததென்று ஏற்கப்பட்ட நோயாலேயே இறந்தால் 60 வரை போகும் வழி உண்டு, அதற்குக் கால வரம்பும் நிபந்தனைகளும் உண்டு. பெயரைத் திருத்த அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தில், திருமணச் சான்று, இருவர் ஆதார், பான், நோட்டரி உறுதிமொழியோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்கள்.

டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று செய்கிறார்கள். பின்னால் மனைவி பெயரையோ பிள்ளை பெயரையோ அதில் ஏற்ற வேண்டி வந்தால் எழுத இடமிருந்தும் பேனா பிடிக்காது.